தேய்க்க வேண்டியது பல்லை அல்ல

காதுவலி என்று காது மருத்துவரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் அடிக்கடி பல் மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். காதுத் துளைக்குச் சற்று முன்னால்தான் தாடை மூட்டு இருக்கிறது. வலி எதிலிருந்து கிளம்புகிறது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 1934இல் இந்தத் தொடர்பை விரிவாக எழுதிய ஜேம்ஸ் காஸ்டனும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்தான். கடைவாய்ப்பற்களை இழந்ததால் தாடை பின்னுக்குத் தள்ளப்பட்டு வலி வருகிறது என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் கடியைத் திருத்தினால் மூட்டும் திருந்திவிடும் என்ற நம்பிக்கை வெகுகாலம் நீடித்தது. அதை நம்பி நல்ல பற்களையெல்லாம் தேய்த்தார்கள். போன எனாமல் வளராது.

பற்களின் மேல் மாட்டும் ஸ்ப்ளிண்ட் என்ற பிளேட் மீது எனக்குள்ள மதிப்பு இதனால்தான். ஒத்துவரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம்.

லேபிலிருந்து வரும் கெட்டியான அக்ரிலிக் பிளேட்டைப் பாதி வேலை என்றே நினைக்கிறேன். மேல்பற்களில் அதை மாட்டி, நடுவே கடியின் தடம் பதிக்கும் நீலத்தாளை வைத்து, "மெதுவா மூடுங்கம்மா" என்பேன். கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் புள்ளி வைக்க வேண்டும். அழுத்தமான புள்ளியைத் தேய்க்கும் பர்ரால் லேசாகத் தொட்டு, மறுபடி மூடச் சொல்வேன். பிறகு சிவப்புத்தாள்: தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல்லின் தடம் மட்டும் விழ வேண்டும், கடைவாய்ப்பற்கள் விலகிவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வந்தால், சமமாக விட்ட புள்ளிகள் இடம் மாறியிருக்கும். இறுகிக் கிடந்த தசை தளரத் தளரத் தாடை தனக்கு வசதியான இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்றே அதைப் படிக்கிறேன். மறுபடியும் நீலத்தாள், மறுபடியும் பர். இந்தப் பொறுமை இல்லாமல் பிளேட்டை மட்டும் கொடுத்தனுப்புவது சிகிச்சை ஆகாது.

"அந்த 'டக்' சத்தம் போயிடுமா டாக்டர்?" என்று கேட்காதவர் குறைவு. போகாமலும் இருக்கலாம். மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டு முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மீண்டும் இடத்துக்கு வருவதால்தான் அந்தச் சத்தம். அதைப் பிளேட் இழுத்து நிறுத்தாது. வலியில்லாமல் வாய் திறந்தால் சத்தத்தை விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1972இல் கிரீன், லாஸ்கின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பற்களின் கடியில் குறுக்கிடவே செய்யாத பிளேட்டையும் சோதித்தார்கள். அதிலும் சிலருக்கு வலி குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நோவைக் கேட்டு, பயத்தைப் போக்குவதற்கும் இதில் பங்குண்டு. பகலில் பற்களை ஒட்டாமல் வைத்துக்கொள்வது, சில வாரங்களுக்குக் கரும்பையும் முறுக்கையும் தள்ளிவைப்பது, கொட்டாவியின்போது மோவாயைக் கையால் தாங்குவது இவற்றையும் அதே அக்கறையோடு சொல்லித்தர வேண்டும்.

முன்பற்களை மட்டும் மூடும் சிறிய பிளேட்டை இரவும் பகலும் மாட்டியிருந்தால் கடைவாய்ப்பற்கள் மெல்ல இறங்கிக் கடியே மாறிவிடும். அதனால் எல்லாப் பற்களையும் மூடும் பிளேட்டையே, இரவுக்கு மட்டும் தருகிறேன்.

வலி தணிந்தபின் ஓரிரவு விட்டு ஓரிரவு மாட்டச் சொல்வேன். வரும்போது பிளேட்டையும் டப்பாவில் எடுத்துவரச் சொல்வேன். அக்ரிலிக்கில் புதிய தேய்மானத் தடம் இருந்தால் தூக்கத்தில் இன்னும் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள், மாட்டுவதைத் தொடரலாம். தடமும் இல்லை, வலியும் இல்லை என்றால் நிறுத்திப் பார்க்கலாம்.