வயலோரக் கீரையும் ஒரு கிண்ணச் சாறும்

மத்ரஸாவில் உணவு பற்றிய ஃபிக்ஹுப் பாடம் நடத்தும்போது அறுத்தல், வேட்டை, மீன் ஆகியவற்றுக்கே பல வாரங்கள் சென்றுவிடும். தாவரங்களுக்கு எஞ்சுவது இரண்டு வரிகள்தாம். மண்ணில் முளைப்பவை அடிப்படையில் ஆகுமானவை. தீங்கும் போதையும் தருபவை மட்டும் விலக்கு. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஐயம் கேட்பவர் அரிது. அந்த இரண்டு வரிகளுக்குள் எத்தனை விசாரணை அடங்கியிருக்கிறது என்பதற்குக் கொரியாவின் வசந்தகாலச் சாறு ஒன்றைப் போன்ற நல்ல பாடம் வேறு இருக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2025 ஆம் ஆண்டு ரமலான் மார்ச் மாதத்தில் வந்தது. தென்கொரியாவின் தென்மேற்கிலுள்ள குவாங்ஜூ நகரில் பணிபுரியும் எங்கள் தம்பியின் குடும்பத்தோடு அம்மாதத்தைக் கழித்தோம். இறைச்சி விஷயத்தில் அங்கு எங்களுக்குக் குழப்பமே எழவில்லை. ஹலால் கடையில் கிடைத்தால் சமைப்போம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம். சிந்திக்க வைத்தது கீரைதான்.

மார்ச் மாதத்தில் அந்நாட்டு வயல்கள் பார்ப்பதற்கு வெறுந்தரையாகவே இருக்கும். குளிர் முழுதும் நீங்கியிராது; மரங்களில் இலை இராது. ஆயினும் முதிய பெண்கள் கையில் ஒரு குட்டைக் கத்தியும் பையுமாகத் தரிசு நிலங்களில் குந்தியிருப்பதைக் காணலாம். அவர்கள் தேடுவது ‘நேங்கி’ எனப்படும் கீரை. தரையோடு தரையாக ஒட்டி, வட்டமாக இலை விரித்துக் கிடக்கும் சிறு பூண்டு அது. பனியில் அதன் இலைகள் செம்பழுப்பாக மாறியிருப்பதால் மண்ணிலிருந்து பிரித்தறிவதே கடினம். அதன் சிறப்பு இலையில் அன்று, வேரில் இருக்கிறது. வெள்ளை வேரை நகத்தால் கீறி முகர்ந்தால் ஈரமண்ணும் முள்ளங்கியும் கலந்தாற்போன்ற மணம் எழும். ஆகவே நேங்கியை ஒருபோதும் கிள்ளுவதில்லை, வேரோடு அகழ்ந்தெடுப்பார்கள்.

சில வாரங்கள் கழித்து ‘சுக்’ தலைகாட்டும். பெயரைக் கேட்டு நம் வீட்டுச் சுக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த செடி. இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு படர்ந்தது போலிருக்கும். கொரியரின் தொன்மக் கதையில், மனிதப் பிறவி வேண்டிய கரடிக்கும் புலிக்கும் உண்ணக் கொடுக்கப்பட்டவை இந்தச் சுக்கும் பூண்டுமாம். புலி பொறுக்காமல் ஓடிவிட, கரடி பெண்ணாக மாறி அவர்களின் முதல் அரசனைப் பெற்றதாக 13 ஆம் நூற்றாண்டு நூலான ‘சம்குக் யூசா’ கூறுகிறது. நமக்கு அது வெறும் கதை. ஆயினும் ஓர் இனம் தன் தோற்றக் கதையிலேயே ஒரு களைச்செடியை வைத்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

தம்பியின் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். எல்லோரும் அவரை ‘ஹல்மொனி’ என்றே அழைப்பர். பாட்டி என்பது பொருள். ஒரு நண்பகலில் மூடியிட்ட கிண்ணத்தில் நேங்கிச் சாறு கொண்டுவந்தார். நோன்பு என்று தம்பி மனைவி விளக்கியதும், “தண்ணீர்கூடவா?” என்று திகைத்தார். உலகில் எந்த நாட்டுக்குப் போனாலும் முஸ்லிம்களை எதிர்கொள்ளும் கேள்வி அது. மாலையில் சூடாகக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கிண்ணத்தை எடுத்துச் சென்றார்.

மாலைவரை எங்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஒரு மூதாட்டி குனிந்து அகழ்ந்து, மண் கழுவிச் சமைத்துக் கொணர்ந்த உணவை மறுப்பது அவர் மனத்தைப் புண்படுத்தும். கேளாமல் உண்பதும் நம் வழக்கமன்று. கேட்டால், தம் சமையலைச் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ணிவிடுவாரோ என்னும் தயக்கம் தம்பி மனைவிக்கு. அயல்நாட்டில் அண்டைவீட்டார் ஒருவரின் அன்பு எளிதில் கிடைப்பதன்று. இரண்டு ஆண்டுகளாக அக்குழந்தைகளைத் தம் பேரப்பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொள்பவர் அவர். இறுதியில் நாங்கள் சொன்னது இதுதான்: சந்தேகித்துக் கேட்பது வேறு, கற்றுக்கொள்ளக் கேட்பது வேறு. எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டால் எந்தப் பாட்டியும் கோபிக்கமாட்டார்.

அவ்வாறே நடந்தது. கேட்ட கேள்விக்கு விடையாக மறுநாள் காலையில் வயலுக்கே அழைத்துச் சென்றார்.

முதல் மஸ்அலா, இது எந்தப் பூண்டு என்பது. நேங்கிக்கு அருகிலேயே ‘ஜிச்சிங்கே’ என்ற களை முளைக்கிறது. எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹல்மொனி இலையைத் திருப்பிக் காட்டினார். ஜிச்சிங்கேயின் அடிப்புறம் வெளுத்திருந்தது. பிறகு இரண்டின் வேரையும் கீறி முகரத் தந்தார். ஒன்றில் மணம் உண்டு, மற்றொன்றில் இல்லை. இதில் தவறினால் கசப்போடு போகும். ஆனால் மலைக்கீரைகளில் தவறினால் உயிருக்கே ஆபத்து. ‘கொம்ச்வி’ என்னும் இன்சுவைக் கீரையைப் போலவே நச்சுத்தன்மையுள்ள ‘தொங்கினாமுல்’ இருக்கும். ‘வொன்சூரி’யின் இளந்தளிரை வெந்நீரில் நன்கு வேகவிட்டுப் பிழிந்து உண்ணலாம், முற்றியதையோ பச்சையாகவோ உண்டால் அதிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்நாட்டு அரசு இதற்காக எச்சரிக்கை விடுகிறது. ஆகவே இக்கட்டுரையை நம்பி யாரும் எங்கும் கீரை பறிக்க வேண்டாம். இது ஏட்டில் கற்கும் கல்வியன்று. அறிந்தவர் கைப்பிடித்துக் காட்ட வேண்டும். பல வசந்தங்கள் காட்ட வேண்டும். ஓதற்கலையை ஆசானின் வாய்பார்த்துக் கற்பதைப் போன்றது அது.

இரண்டாவது, இது யாருடைய நிலம் என்பது. நீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதைக் கொண்டு தானாக முளைத்தது யாவர்க்கும் உரியது என்று சொல்லிவிடலாம்போல் தோன்றும். ஆனால் பிறர் நிலத்தினுள் இசைவின்றி நுழைவது வேறு விஷயம். கொரியச் சட்டமும் இதில் கண்டிப்பானது. உரிமையாளர் அனுமதியின்றி மலைக்காட்டில் கீரை பறிப்பது தண்டனைக்குரிய குற்றம். தேசியப் பூங்காக்களில் அறவே கூடாது. ஹல்மொனி பறிப்பது தம் மருமகன் மிளகாய் பயிரிடும் நிலத்தில், உழவுக்கு முன்னர். சாலையோரத்திலும் நகர ஓடைக்கரையிலும் எவ்வளவு செழித்திருந்தாலும் தொடமாட்டார். வண்டிப்புகையின் ஈயமும் காட்மியமும் கீரையில் ஏறுமென்று அரசு சொல்கிறது. ஹல்மொனியோ “நாய் மூத்திரம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மூன்றாவதுதான் நுட்பமானது. சாற்றுக்குச் சுவை தருவது ‘தொயென்ஜாங்’ எனப்படும் சோயா விழுது. சோயாவை வேகவைத்து மசித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டுப் பூசணம் படரச் செய்வர். பின் உப்புநீரில் ஊறவைப்பர். வடிவது சோயா நீர்; எஞ்சுவது விழுது. சோயாவும் உப்பும் நீரும் தவிர வேறொன்றும் இல்லை. இந்தக் கைத்தொழில் அறிவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடையில் விற்கும் டப்பாக்கள் பலவற்றில், மேலும் புளித்துப் பொங்காதிருக்க ‘ஜுஜொங்’ சேர்க்கப்படுகிறது. அது மரவள்ளி, தானியம் முதலியவற்றிலிருந்து வடித்த மதுசாரம். திராட்சையும் பேரீச்சையும் அல்லாதவற்றின் மதுசாரத்தைச் சிறிதளவு உணவில் சேர்ப்பது குறித்துச் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் நிலைப்பாடு எளியது: மாற்று இருக்கும்போது தவிர்ப்போம், அறிஞர் ஒருவரின் தீர்ப்பைப் பின்பற்றி உண்பவரைப் பழிக்கமாட்டோம். கொரிய முஸ்லிம் கூட்டமைப்பு ஹலால் சான்று வழங்கி வருவதால் மாற்றுகளும் உள்ளன. விழுதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது, சாற்றில் ஒரு கரண்டி தூவப்படும் மாட்டிறைச்சிச் சுவைத்தூள். கீரைச் சாறுதானே என்று எண்ணுபவர் இதைக் கேட்க நினைக்கமாட்டார்.

ஹல்மொனியிடம் தம்பி மனைவி மெதுவாகக் கேட்டார், விழுதில் சாராயம் ஏதும் சேருமா என்று. பாட்டி முகத்தைச் சுளித்தார். எங்கள்மீது அன்று. “தொயென்ஜாங்கில் யாராவது சாராயம் ஊற்றுவார்களா? அது தொழிற்சாலைக்காரர்கள் வேலை” என்று சொல்லி, மாடத்தில் வைத்திருந்த மண்சாடியைத் திறந்து காட்டினார். அது நான்கு ஆண்டு முதிர்ந்தது, கரும்பழுப்பு நிறம், புளிப்பும் உப்பும் கலந்த வாடை. சுவைத்தூளைப் பற்றிக் கேட்டபோது, நெத்திலி இருக்க அது எதற்கு என்றார்.

அன்று மாலை அந்தச் சாறுடன் நோன்பு திறந்தோம். உண்ணும்போது நினைவுக்கு வந்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு செய்தி. மதீனாவில் மூதாட்டி ஒருவர் தம் தோட்ட வாய்க்கால் ஓரத்தில் ‘சில்க்’ என்ற கீரையை வளர்த்தார். இன்றைய பீட்ரூட்டின் இனம் அது. வெள்ளிக்கிழமைகளில் அதன் வேரைப் பிடுங்கிப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமை மாவு தூவிச் சமைப்பார். ஜும்ஆ முடிந்து தோழர்கள் அவரிடம் சென்று உண்பார்கள். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்பார்கள். அதில் கொழுப்போ இறைச்சியோ இல்லை. வேரோடு கூடிய கீரை, அதன்மேல் ஒரு பிடி மாவு. எதிர்வீட்டுப் பாட்டியின் செய்முறையும் அச்சுப் பிசகாமல் இதுவே. வாற்கோதுமைக்குப் பதில் சோயா மாவு, அவ்வளவுதான். பல ஆண்டுகளாக அந்த ஹதீஸை நாங்கள் பாடம் நடத்துகிறோம். வேரைச் சமைப்பது எப்படியிருக்கும் என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை. இனி நாங்களே சொல்வோம்.

இந்தச் சாற்றை வெறும் சுவையாக மட்டும் பேசினால் நியாயமாகாது. கொரிய மொழியில் ‘பொரித்கொகே’ என்றொரு சொல் உண்டு. வாற்கோதுமைக் கணவாய் என்பது பொருள். சென்ற ஆண்டின் நெல் தீர்ந்து, வாற்கோதுமை இன்னும் முற்றாத வசந்தப் பஞ்ச நாட்களை, ஏறிக் கடக்கவேண்டிய மலைக்கணவாயாகச் சொன்னார்கள். 1960கள் வரை நாட்டுப்புறத்தில் அது மெய்யான பசி. அந்நாட்களில் ஒரு பிடி தானியத்தில் கூடை நிறையச் சுக்கைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஹல்மொனியின் அக்காள் இன்றளவும் சுக்கைத் தொடுவதில்லையாம். இன்று நகரத்துப் பெருங்கடைகளில் அதே கீரை பளபளக்கும் பொட்டலங்களில் விலைக்கு வருகிறது. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற படை உணவின்றி மர இலைகளைத் தின்று, அதனாலேயே இலைப்படை என்று பெயர்பெற்றதை நாம் அறிவோம். அப்படையினர் பிற்காலத்தில் அவ்விலையை எப்படி நினைவுகூர்ந்திருப்பார்கள் என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது.

இனிச் செய்முறை. நான்கு பேருக்கு இரண்டு பெரிய கைப்பிடி நேங்கி வேண்டும். பழுத்த இலைகளை நீக்கி, நீரில் ஊறவிட்டு, இலையும் வேரும் கூடுமிடத்தைக் கத்திமுனையால் சுரண்டவேண்டும். மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். சமையலில் பாதி உழைப்பு இதுவே; எங்களுக்கு அரைமணி நேரமானது, பாட்டிக்குப் பத்து நிமிடம். தடித்த வேரை நெடுக்கில் பிளக்கவும். சாற்றுக்கு அரிசி களைந்த இரண்டாம் நீர் ஆறு குவளை. நம் வீடுகளில் குழம்புக்குப் புளி கரைக்க எடுத்துவைக்கும் அதே நீர்! அதில் உலர்ந்த நெத்திலி பத்தும், உள்ளங்கையளவு கடற்பாசித் துண்டு ஒன்றும் இட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நெத்திலியின் வயிற்றிலுள்ள கரும்பகுதியைக் கிள்ளிவிடாவிட்டால் கசக்கும். கொரியாவில் நெத்திலியை உப்புநீரில் வேகவைத்தே உலர்த்துவதால் நம் கருவாட்டின் வீச்சம் அதில் இராது. கொதி வந்ததும் பாசியை எடுத்துவிடுங்கள்; விட்டால் வழவழப்பாகும். பத்து நிமிடம் கழித்து நெத்திலியையும் அரித்தெடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி விழுதைச் சல்லடையில் வைத்துக் கரைக்கவும்.

நேங்கியின் ஈரத்தை லேசாக உதறி, பச்சைச் சோயா மாவு இரண்டு கரண்டி தூவிப் புரட்டி, கொதிக்கும் சாற்றில் இடுக. இதன்பின் கிளறக் கூடாது. கிளறினால் மாவு உதிர்ந்து சாறு கலங்கும். மூடவும் கூடாது, சோயா நுரைத்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பச்சை வாடை போகும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும். நசுக்கிய பூண்டு, வெங்காயத்தாள், விரும்பினால் ஒரு பச்சை மிளகாய். உப்பு தேவைப்படாது. சுக்கில் செய்வதானால் தளிரை நீரில் லேசாகத் தேய்த்தலசிக் கசப்பைப் போக்கி, கடைசியில் போட்டு உடனே இறக்கவேண்டும்.

பலர் இச்சாற்றில் சிறு மட்டியும் சேர்ப்பர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த தம்பி வீட்டில் அதற்குத் தடையில்லை. ஆனால் நோன்பு திறக்க வரும் நண்பர்களில் ஹனஃபிகளும் உண்டு. அவர்கள் கடலுணவில் மீனை மட்டுமே உண்பவர்கள். ஆகவே பொதுப் பானையில் நெத்திலியோடு நிறுத்திக்கொண்டார்கள். நோன்புக் கஞ்சி ஒரு சட்டி, நேங்கிச் சாறு ஒரு சட்டி. எது முதலில் தீர்ந்தது என்று எழுதினால் ஊரில் எங்கள்மீது வருத்தப்படுவார்கள்.

ஏப்ரல் பிறந்ததும் நேங்கி வெண்பூ பூத்தது. பூத்தபின் வேர் நாராகிவிடும்; பிறகு அதை எவரும் அகழ்வதில்லை. ஹல்மொனி சுக்கைப் பறிக்கத் தொடங்கினார். ஒரு கொதி காட்டி, பிழிந்து, உருண்டைகளாக்கி உறைபெட்டியில் அடுக்கினால் அடுத்த குளிர்காலம்வரை வரும். தம்பி மனைவிக்கும் பன்னிரண்டு உருண்டைகள் கொடுத்திருக்கிறார்.