முதலாண்டு மாணவரும் முதன்மைப் பாடமும்

ஒரு கல்லூரியில் மற்றைத் துறை ஆசிரியர்கள் பெரும்பாலும் தத்தம் துறை மாணவரையே அறிவர். தமிழாசிரியனோ எல்லாத் துறை மாணவரையும் அறியும் பேறு பெற்றவன். பகுதி ஒன்று தமிழ் என்னும் பெயரால் வேதியியலாரும் வணிகவியலாரும் விலங்கியலாரும் முதலாண்டில் எம்முன் வந்து அமர்கின்றனர். (ஆங்கிலத்துறை நண்பர்கள் பொறுத்தருள்க. அவர்களும் அனைவரையும் காண்கின்றனர். ஆனால் அவர்கள் வகுப்பில் மாணவர் வாய் திறப்பதில்லை.)

"என்ன பாடம் எடுத்திருக்கிறாய், தம்பி?" என்று வினவினால் பெயர் சொல்லிவிடுவர். "ஏன் எடுத்தாய்?" என்றால் பெரும்பாலும் மௌனமே விடை. சிறிது நேரங்கழித்து, "இதுதான் கிடைத்தது, ஐயா" என்று ஒரு குரல் எழும். மதிப்பெண் ஒரு பாடத்தைத் தந்தது; மாமா ஒரு பாடத்தைச் சொன்னார்; நண்பன் சேர்ந்த பாடத்தில் தானும் சேர்ந்தான். விரும்பிய பாடம் என விண்ணப்பத்தில் எழுதப்பெறுவது உண்மையில் வந்துவாய்த்த பாடமே. வந்துவாய்த்ததை விரும்பச்செய்வது எங்ஙனம் என்பதே முதலாண்டு ஆசிரியர் அனைவர்க்கும் முன்நிற்கும் வினா.

இம்மலரைப் புரட்டும் மூத்தோர் பலர் புகுமுக வகுப்புப் பயின்றவராய் இருத்தல் கூடும். கல்லூரிக்குள் ஓராண்டு இருந்து, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப் பழகி, அதன்பின் பட்டப்படிப்பில் நுழைந்தவர்கள் அவர்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியதும் அவ்வாண்டு மறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. சிற்றூர்ப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்மக்கள், வீட்டுக்கு அண்மையிலேயே மேலும் ஈராண்டு படிக்க அதுவே வழிசெய்தது. எனினும் திண்ணையில்லா வீட்டிற்குள் தெருவிலிருந்து நேரே நுழைவது போன்றதொரு நிலை மாணவர்க்கு ஏற்பட்டுவிட்டது. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு 'தீட்சாரம்ப்' என்னும் பெயரில் புதுமாணவர் அறிமுகப் பயிற்சிக்கு வழிகாட்டி வெளியிட்டது. நோக்கம் நன்று. நடைமுறையில் அது பொன்னாடையும் வாழ்த்துரையுமாக முடிந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் புள்ளியியல் முதலாண்டில் ஆலங்குடிப் பக்கத்து மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ்வழியில் மேல்நிலை முடித்தவன். கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றவன். சேர்ந்த மூன்றாம் வாரமே, "அத்தாவோடு பழ வியாபாரத்துக்கே போய்விடுகிறேன், ஐயா. இங்கே ஒன்றும் விளங்கவில்லை" என்றான். எது விளங்கவில்லை என்று கேட்டேன். அன்றைய குறிப்பேட்டைக் காட்டினான். 'பிராபபிலிட்டி' என்று தலைப்பு இருந்தது. "நிகழ்தகவு படித்திருக்கிறாயா?" என்றேன். "அது நன்றாகத் தெரியுமே, ஐயா" என்றான். இரண்டும் ஒன்றே என்று கூறியபோது அவன் முகத்தில் தோன்றிய திகைப்பை நான் மறக்கவில்லை. 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்பது அவன் பள்ளியில் போட்டுப் பழகிய திட்டவிலக்கமே என்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அறிந்த பொருளை வேற்றுப் பெயரில் கண்டு, தனக்கு அறிவே இல்லையென முடிவுகட்டி ஊர் திரும்பவிருந்தான்.

அவ்வாரம் அவ்வகுப்பில் காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் பற்றிப் பேசினேன். இலக்கிய வரலாற்றில் ஒருவரியில் கடந்துபோகும் நூல் அது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய அதில் ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் இருப்பின் நூற்றிருபது சுளை. வகுப்பு சிரித்தது. ஆலங்குடி மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பழங்களுடன் வந்துவிட்டான்.

முள் எண்ணுவதிலேயே பூசல் தொடங்கிற்று. காம்பை ஒட்டிய வட்டம் எதுவரை என்பதில் இரு அணியினர்க்கு இரு கணக்கு. பின்னர்க் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தனர். முதற்பழத்தில் விதி வெகுவாகத் தவறிற்று. இரண்டாவதில் ஓரளவு நெருங்கிற்று. சுளைகள் தீர்ந்த பின் அவன் கேட்டான்: "ஐயா, எத்தனை பழம் வெட்டினால் இந்த விதியை நம்பலாம், இல்லை தள்ளலாம்?"

அவ்வினாவிற்கு விடைகூறும் தகுதி எனக்கில்லை. அவனைப் புள்ளியியல் பேராசிரியரிடம் அனுப்பினேன். அவர் மறுநாள் என்னைக் கண்டு, அது தம் துறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்று என்றும், முதலாண்டில் ஒருவரும் தாமே அதைக் கேட்டதில்லை என்றும் கூறி மகிழ்ந்தார். மாணவன் முதற்பருவத்தில் ஒரு தாளில் தவறினான்; அடுத்த பருவத்தில் அதனையும் எழுதித் தேறினான். ஊர் திரும்பும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எல்லா அறிவியலும் பழந்தமிழில் உண்டு என மேடையில் முழங்குவது வேறு, இது வேறு. கணக்கதிகார விதியை நாங்கள் போற்றவில்லை, வெட்டிப் பார்த்தோம். தவறியதால்தான் வினா பிறந்தது.

வணிகவியல் மாணவர்க்குப் பட்டினப்பாலையின் புலிப்பொறி இட்ட பண்டங்களோடு, 1985இல் அச்சேறிய முசிறித் தாளையும் சேர்த்தே சொல்கிறேன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், முசிறியோடு நடந்த கடல்வாணிகத்திற்குப் பெற்ற கடனுக்கான ஒப்பந்தம் அது. அதன் மறுபக்கத்தில் ஒரு கப்பற்சரக்கின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. சரக்கில் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கொண்டது உரோமப் பேரரசு என்றால், வரிப்பாடம் படிப்பவன் நிமிர்ந்து உட்காருகிறான். தாவரவியலார்க்குக் குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றிற்கு இன்றைய தாவரப்பெயர் எது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு இருப்பதே அவர்கட்கு நல்ல வேலை. கணினி மாணவரிடம், 247 எழுத்துகள் ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களுள் எவ்வாறு அடங்குகின்றன என்று மட்டும் கேட்பேன். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வர்.

பாடத்திட்டம் என்னாவது என்று உடன்பணியாற்றும் நண்பர் கேட்பதுண்டு. செய்யுளும் இலக்கணமும் குறைவின்றி நடக்கின்றன. இதற்கு வாரத்தில் கால்மணி நேரம் போதும். பெற்றோர் வீட்டில் செய்யத்தக்கதும் அவ்வளவே. "எவ்வளவு மார்க்?" என்பதற்குமுன், "இன்று என்ன நடத்தினார்கள், எனக்குத் தமிழில் சொல்" என்று அத்தாவோ அம்மாவோ கேட்கலாம். சொல்ல முயலும்போதே பிள்ளைக்குத் தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது தெரிந்துவிடும்.

ஆலங்குடி மாணவன் காலந்தொட்டு முதலாண்டு மாணவர் ஓர் ஏடு எழுதிவருகின்றனர். இடப்பக்கம் பள்ளியில் கற்ற சொல். வலப்பக்கம் கல்லூரியில் கேட்ட சொல். தமிழ்த்துறை அலமாரியில் இருக்கிறது. எவரும் பார்க்கலாம், திருத்தலாம். புள்ளியியலும் இயற்பியலும் பல பக்கங்கள் நிறைந்துள்ளன. வேதியியலுக்கு ஒதுக்கிய பக்கங்களில் இன்னும் பாதி வெறுமையாக உள்ளன. அத்துறை நண்பர்கள் ஒரு பிற்பகல் வந்து உதவினால் நன்று.