காலிக் கட்டம்

கொற்கையில் கடல் இல்லை. சில மைல் கிழக்கே போய்விட்டது. துறைமுகம் என்ற பெயரை நம்பி வருகிறவன் வாழைத்தோட்டத்தில்தான் நிற்பான். இரவுகளில் ஃபோர்ட்ரான் படிக்கும் எனக்கு, தொடக்கமதிப்புத் தரப்படாத சுட்டி இப்படித்தான் தெரிகிறது.

2003ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த பல்லுருச் சுட்டிக்குத் தொகுப்பி இரண்டு கட்டங்கள் வைக்கிறது: முகவரி, வகை. 'எதையும் சுட்டவில்லை' என்று எழுதிவிட்டால் முகவரி போகும். அறிவித்த வகை நிற்கும். எழுதாவிட்டால் இரண்டிலும் பழைய குப்பை. அதனிடம் 'எதையாவது சுட்டுகிறாயா' என்று கேட்பதுகூட விதிமீறல். ஆமென்று சொன்னாலும் சொல்லும்.

காலியை இல்லையென்று வாசிப்பது சுலபம். நானும் வாசித்திருக்கிறேன். வங்கிப் பாரமொன்றில் வாரிசு நியமனக் கட்டம் காலியாயிருந்தது. 'வேண்டாம்' என்று நானே பதிந்தேன். அவர் இறந்தபின் தங்கை வந்தாள்.

"எங்கண்ணன் வேண்டாம்னா சொன்னாவ?"

நான் அவரைக் கேட்கவே இல்லை.