அணை இருக்கிறது... தண்ணீர் மட்டும் தேக்க வேண்டாம்!

சென்னிமலையிலிருந்து மேற்கே நொய்யல் ஆற்றை நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் கொங்கு மண்ணின் அடையாளங்கள் வரிசையாக வருகின்றன. கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடுகள், உள்ளே வெள்வேல மரங்கள், அவற்றின் நிழலில் காய்ந்தும் காயாமலும் கொழுக்கட்டைப் புல், மேய்ந்து நிற்கும் காங்கேயம் மாடுகள். மழையை மட்டும் நம்பி வாழப் பழகிய நிலம் இது. இப்படிப்பட்ட பூமியில் ஓர் அணை கட்டினால் மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

ஈரோடு, திருப்பூர் மாவட்ட எல்லையில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை அப்படித்தான் 1992-ல் வந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழானது. 'அணையைத் திற, தண்ணீர் விடு' என்பதுதான் விவசாயிகளின் வழக்கமான கோரிக்கை. இந்த ஊர்க்காரர்களோ அணையில் தண்ணீர் தேக்காதே என்று கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள்.

வெள்ளியங்கிரியில் பிறந்த ஆறு

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறக்கும் ஓடைகள் சேர்ந்து நொய்யலாகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. நீளம் சுமார் 170 கிலோமீட்டர். வழியெங்கும் அணைக்கட்டுகள், வாய்க்கால்கள், குளங்கள் என்று முன்னோர் அமைத்த பாசனச் சங்கிலி உண்டு. மலையில் மழை பெய்தால் ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்.

அணைக்குச் சற்று மேற்கே, அதே ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் 'கொடுமணம்' என்று பெயர் பெற்ற ஊர். அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணிகள் செய்த தடயங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் தொழிலும் வேளாண்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. தொழில் வந்ததால் மட்டும் இந்த ஆறு கெடவில்லை. தொழிலின் கழிவை யார் சுமப்பது என்று யாரும் கேட்காமல் விட்டதால் கெட்டது.

சாயம் போனது, உப்பு போகவில்லை

அணைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேலே திருப்பூர். பனியன் ஏற்றுமதி 1980-களிலும் 90-களிலும் வேகமாக வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் கூடவே பெருகி, 700-ஐத் தாண்டின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறமாக இருந்தால் ஒரு லிட்டர் சாயக் குளியலுக்கு 60 முதல் 80 கிராம் வரைகூட உப்பு போடுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிக்கொள்ளும். உப்பு அப்படி ஏறாது. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

ஆரம்பத்தில் அமைத்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் வேறு ரசாயனங்களும் போட்டு நிறத்தையும் கசடையும் எடுத்தன. கரைந்திருந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் ஆற்றில் இறங்கி, அணையில் தேங்கி, கரையோரக் கிணறுகளுக்குள் ஊறியது.

உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் நிலத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு (டி.டி.எஸ் 2,000) உள்ள கிணற்று நீர் இருக்கிறது. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் பாய்கிறது. அதில் இருக்கும் உப்பு 400 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை! தண்ணீரை வெயிலும் பயிரும் எடுத்துக்கொள்ளும், உப்பு மண்ணிலேயே தங்கும். பத்துத் தண்ணீர் கட்டினால் எண்பது மூட்டை. எந்த விவசாயியும் தன் வயலில் காசு கொடுத்துக் கொட்டாத அளவு இது.

அதன் விளைவை இந்தப் பகுதி கண்ணால் பார்த்தது. மஞ்சள், வாழை போன்ற உப்பைத் தாங்காத பயிர்கள் முதலில் கைவிட்டுப் போயின. இலை நுனி கருகியது, தென்னையில் காய் சிறுத்தது, மண் மேல் வெள்ளை பூத்தது. குடிநீருக்குக் கிணறு உதவாமல் போனதால் குழாய்த் தண்ணீருக்கும் லாரிக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாட்டுக்குக் காட்டும் தண்ணீருக்குக்கூட யோசிக்க வேண்டிய நிலை. பாசனத்துக்கு வந்த அணை சாயக்கழிவின் கிடங்காகிவிட்டது.

கணக்கோடு போன விவசாயிகள்

ஒரத்துப்பாளையத்துக் கதையில் மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான். நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சாலை மறியலோடு நிற்காமல் வழக்கு நடத்தினார்கள். பாதிப்பை மதிப்பிட்ட ஆணையம், 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. எந்த ஊரில், எவ்வளவு பரப்பில், எந்த அளவு பாதிப்பு என்று தாளில் ஏறிய பிறகுதான் அந்தத் தொகை பிறந்தது.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவே வெளியேறாத நிலையைக் கெடுவுக்குள் அடைய வேண்டும் என்று சாயப்பட்டறைகளுக்கு உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை உறுதி செய்தது. அப்படியும் உத்தரவு முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் திருப்பூர் ஸ்தம்பித்தது. அதை நம்பியிருந்த தொழிலாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். ஆற்றின் இரு முனையிலும் இருந்த ஏழைகள்தான் இந்தக் காலதாமதத்தின் விலையைக் கொடுத்தார்கள்.

திருப்பூர் கண்ட வழி

அதன்பிறகுதான் பெரிய மாற்றம் வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. இப்போது கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களால் சுத்தமாக்கப்படுகிறது. பிறகு ஆர்.ஓ சவ்வுகள் வழியாகப் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பி, மீண்டும் சாயமேற்றவே போகிறது. எஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதி உப்பாகவே மறுபடி பயன்படுகிறது. மீதி ஆவியாக்கிகளில் வற்றவைக்கப்படுகிறது. சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்துவது இந்த மீட்பை எளிதாக்கியது. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. செலவு அதிகம்தான். ஆனால் அந்தச் செலவு இப்போது பனியனின் விலையில் சேர்கிறது, கீழே உள்ள விவசாயியின் வயலில் சேர்வதில்லை.

ஆனாலும் நொய்யல் நலமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மழை நாளில் திருட்டுத்தனமாகக் கழிவு திறந்துவிடப்படுவதாகப் புகார்கள் ஓயவில்லை. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடையும் ஆற்றில் சேர்கிறது. சுத்திகரிப்பில் மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் எங்கே வைப்பது என்பது தீராத கேள்வி. ஒரத்துப்பாளையம் மதகுகள் நீரைத் தேக்காமல் வந்ததை வந்தபடி கீழே அனுப்பவே ஆண்டுக்கணக்கில் திறந்து கிடந்தன.

நிலத்தில் ஏறிய உப்போ ஒரு தீர்ப்பில் இறங்குவதில்லை. நல்ல மழை வந்து கழுவ வேண்டும், கழுவிய நீர் வடிய வழி இருக்க வேண்டும். அதற்குப் பல மழைக்காலங்கள் ஆகும்.

உப்புக் கிணறு உள்ளவர்கள் செய்ய வேண்டியவை

'கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, என்ன பயிர் வைக்கலாம்?' என்று கேட்பவர்களுக்கு நொய்யல் கரை தரும் பதில்கள் இவை.

* முதலில் அளந்து பார்க்க வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். மழைக்கு முன்பும் பின்பும் ஒருமுறை என்று ஆண்டுதோறும் செய்து, தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். நாளை இழப்பீடு கேட்கும்போது சாட்சி சொல்வது அந்தத் தாள்கள்தான்.

* ஜிப்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்து இறுகியிருந்தால்தான் ஜிப்சம் பலன் தரும். வெறும் உப்பு மண்ணுக்கு வடிகாலும் நல்ல நீரும்தான் மருந்து. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது இரண்டுக்கும் உதவும்.

* பார் பிடித்து நடும்போது உச்சியில் நடாமல் சரிவில் நட வேண்டும். உப்பு உச்சியில்தான் சேரும்.

* சொட்டுநீரில் உப்பு ஈரத்தின் ஓரத்தில் ஒதுங்கும். லேசான தூறல் அதை வேருக்கே தள்ளிவிடும். அந்த நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுவது நல்லது.

* பருத்தி, சோளம், கம்பு, தென்னை, நெல்லி ஆகியவை ஓரளவு தாங்கும். மஞ்சள், வாழை, வெங்காயம், அவரை தாங்காது.

* பண்ணைக்குட்டையில் பிடித்த மழைநீரை உப்பு நீரோடு கலந்து பாய்ச்சலாம். விதை முளைக்கும் பருவத்தில் மட்டுமாவது நல்ல நீர் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாம் சேதத்தைக் குறைக்கும் வழிகள் மட்டுமே. உப்பை நிறுத்த வேண்டிய இடம் பட்டறையின் வாசல். வயலுக்கு வந்த பிறகு அதை விரட்டப் பல வருடம் பிடிக்கும் என்பதை இந்த ஊர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. பக்கத்து ஊரில் புதிதாக ஒரு ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், கழிவுநீரின் நிறத்தோடு அதன் உப்பைப் பற்றியும் கேட்க வேண்டியது அங்குள்ள விவசாயிகளின் கடமை.