மூன்று நாள் குடிக்கூலி

எம்மிடம் பயின்று இன்று அயல்நாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர், மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டாத் தீவில் கடலோர மாளிகை ஒன்றைக் கிழமை வாடகைக்கு அமர்த்திக் குடும்பத்துடன் தங்கினார். அதன் படங்களை எமக்கும் அனுப்பியிருந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைப்புகைக்கு அருகிலேயே வளர்ந்துவரும் எம் மக்கள் இருவரும் அவற்றைக் கண்டு, "அத்தா, நாமும் அப்படி ஒரு வீட்டில் தங்கலாமா?" என்று வினவினர்.

ஆசிரியர் ஊதியத்திற்கு மால்ட்டா எட்டாது, பழவேற்காடு எட்டும். பொங்கல் விடுமுறையில் தரகர் ஒருவர் வழியாக ஏரியை நோக்கிய ஓட்டுவீடு ஒன்றை மூன்று நாளைக்குப் பேசினோம். உரிமையாளர் வெளியூரில் இருப்பதாகவும், வீடு பூட்டியே கிடப்பதாகவும் அவர் கூறினார். நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்றதை 1,500 ஆகக் குறைத்தோம். பேரத்தில் வென்றதாக மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகின்றோம்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமை பழவேற்காட்டு ஏரிக்கு உண்டு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கரைபோல் நீண்டு கிடக்கின்றது. 1613இல் இங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர், சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றி வணிகம் செய்தனர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். இன்று கோட்டை மண்மேடு. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலுடன் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கின்றது. அவர்களும் இவ்வூரில் சிறிது காலம் குடியிருந்து சென்றவர்களே.

முதல் நாள் இன்பமாகக் கழிந்தது. படகில் சென்று பூநாரைகளைக் கண்டோம். வலையிடும் இடங்களை மீனவர்கள் 'பாடு' என்னும் முறைப்படி தமக்குள் பகிர்ந்து, முறைவைத்து மீன்பிடிப்பதைப் படகோட்டி விளக்கினார். மாலையில் எம் மகள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பள்ளிக் கால அட்டவணை ஒன்றைக் காட்டினாள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது எப்படி வந்தது என்று எண்ணிப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வைகறைத் தொழுகைக்கு ஒளூச் செய்யக் கொல்லைப்புறம் சென்றோம். அங்கிருந்த ஓலைச் சாய்ப்பில் சிறு விளக்கொளியில் மூதாட்டி ஒருவர் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பலருக்கு வாழ்வளிக்கும் கைத்தொழில் அது. அருகே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிப்பையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"யார் பெரியம்மா நீங்கள்?" என்றோம்.

"வீட்டுக்காரிதான் தம்பி. ஆள் வந்தால் நாங்க இங்கே வந்துடுவோம். பேத்தி சத்தம் போடமாட்டா. நீங்க நிம்மதியா இருங்க."

எம் நா எழவில்லை. நாளுக்கு 1,500 ரூபாயில் அவர் கைக்குச் சேர்வது பாதியே என்பதும் பின்னர்த் தெரிந்தது. தைப் பனியில் அவர்கள் சாய்ப்பில் கிடக்க, அவர்களுடைய கட்டிலில் யாம் உறங்கியிருக்கின்றோம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் கூறிவருகின்றோம். எமக்கு எட்டடி தூரத்தில் இருந்த நெய்தல் நில மக்களை ஒரு பகல், ஓர் இரவு முழுதும் யாம் கண்டிலோம்.

வீட்டிற்குள் வருமாறு வேண்டினோம். "காசு வாங்கிட்டு உள்ளே வந்து படுக்கிறது எப்படித் தம்பி முறையாகும்?" என்று மறுத்தார். எம் இல்லத்தரசி அவர் கையைப் பற்றி அழைத்த பின்னரே இசைந்தார். அன்றிரவு பெண்கள் நால்வரும் கூடத்தில் படுத்தனர். யாமும் எம் மகனும் திண்ணையில் படுத்தோம். எங்கள் வீட்டுப் பெண்களுடன் மூதாட்டி நள்ளிரவு வரை உரையாடிய குரல் எம் செவிக்கு எட்டியது. விடுமுறையில் யாம் பெற்ற நல்லுறக்கம் அத்திண்ணையில் பெற்றதே.

புறப்படுகையில், பேரத்தில் குறைத்த 500 ரூபாயை மூன்று நாளுக்குக் கணக்கிட்டு 1,500 ரூபாயாக அவரிடம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. எம் மகள் கெஞ்சியபின் வாங்கி, உள்ளே சென்று ஆறு ஓலைப்பெட்டிகளைக் கொணர்ந்து கொடுத்தார். "சும்மா வாங்கினால் எனக்கு ஒட்டாது" என்றார். அவர் முன்னே எம் தகுதி எத்துணைச் சிறியது என்று உணர்ந்தோம்.

ஏரியையே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊரில், ஒரு வீட்டை அதன் உரியவரோடு பகிர்ந்துகொள்ளும் முறை எமக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. கூலி கொடுப்பது தங்குவதற்கே. ஒருவரைத் தம் கூரையிலிருந்து இறக்குவதற்கு அன்று. கடலோரத்தில் வீடு தேடும் அன்பர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்குமுன், யாம் தங்கும் நாளில் இவ்வீட்டார் எங்கே தங்குவர் என்று ஒரு சொல் கேட்பாராக.

அவ்வோலைப் பெட்டிகளுள் ஒன்று துறையில் எம் மேசைமீது உள்ளது. சுண்ணக்கட்டி எடுக்கும்போதெல்லாம் அக்கேள்வி நினைவுக்கு வருகின்றது.