அப்பாவின் கம்ப்யூட்டரைச் சுருக்கிய கதை

அப்பா அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, நினைவஞ்சலி, பில் புக் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில், பேஜ்மேக்கரில் அவரே உட்கார்ந்து செய்தவை. அவர் போன பிறகு அந்த மெஷினும் தள்ளாட ஆரம்பித்தது. அது மொத்தமாகப் படுப்பதற்குள் ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக மாற்றி, என் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் ஓட வைத்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்! எக்ஸ்பிக்கு 2014-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், அதற்கு இன்டர்நெட் மட்டும் கொடுக்கவில்லை.

‘டிசைன்களை மட்டும் காப்பி எடுத்தால் போதாதா?’ என்பீர்கள். போதாது. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒற்றை ஃபைல் 37 ஜிபி. கோவையில் இருக்கும் அக்காவிடம் ஒரு பேக்கப் இருக்கட்டும் என்று நினைத்தால், என்னிடம் இருந்த 16 ஜிபி பென்டிரைவில் அடங்காது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது 11 ஜிபிதான்!

ஒரு ஃபைலை டெலீட் செய்தால், கம்ப்யூட்டர் தன் பட்டியலில் அதன் பெயரை அடித்துவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். வெளியே உள்ள விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது காலி என்றே தெரியாது. அதனால் மூன்று வேலைகள். முதலில் டிஃப்ராக்மென்ட். விர்ச்சுவல்பாக்ஸ் தன் டிஸ்க்கை 1 எம்பி துண்டுகளாக வைத்திருக்கிறது. முழுக்கக் காலியான துண்டைத்தான் விடுவிக்கும். பத்து டப்பாவில் ஒவ்வொரு பிடி பருப்பு இருந்தால் ஒரு டப்பாவும் காலியில்லை. ஒரே டப்பாவில் கொட்டினால் ஒன்பது மிச்சம். அடுத்து, காலி இடம் முழுக்கப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். அதற்கு ‘எஸ்டெலீட்’ என்ற இலவச நிரல் இருக்கிறது. கடைசியாக, விர்ச்சுவல்பாக்ஸின் ‘காம்பேக்ட்’ கட்டளை.

இரண்டாவது வேலையைச் சொன்னபோது அம்மா நிறுத்தினார். “அப்பா அழிச்சது எதுவும் அப்புறம் கிடைக்காதாடி?”

கிடைக்காது. பூஜ்யம் எழுதிய இடத்தில் மீட்க ஒன்றும் மிஞ்சாது. அப்பா வேண்டாமென்று அழித்ததுதானே என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தோன்றவில்லை.

சரியென்று, டிஸ்க்கின் நகல் ஒன்றில் மீட்பு நிரலை ஓட்டினேன். வந்தவற்றை வேறு டிஸ்க்கில் சேமித்தேன் (அதே டிஸ்க்கில் எழுதினால், தேடுவதன் மேலேயே எழுத நேரிடும்). பாதி ஃபைல்கள் திறக்கவில்லை. திறந்தவற்றில் அக்கா கல்யாணப் பத்திரிகையின் முதல் வடிவம் ஒன்று. அழைப்பவர்கள் இடத்தில் அம்மா பெயர் முதலில், அடுத்து அப்பா பெயர். அச்சாகி வந்ததில் வழக்கம்போல அப்பா பெயர்தான் முதலில். “உங்க பெரியப்பா கூடாதுன்னுட்டார்” என்றார் அம்மா. அப்பா இப்படி ஒன்று செய்து பார்த்தது அவருக்கும் அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று வேலையும் ஒரே ராத்திரியில் முடிந்தன. 37 ஜிபி, 12 ஆனது. பென்டிரைவை மட்டும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டியிருந்தது; ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது.

போன வாரம் கோவையில் அக்காவின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம். மீட்ட பத்திரிகையையும் உள்ளே போட்டிருந்தேன். நல்ல தமிழில் திறந்தது. அக்கா அம்மா பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கலர் பிரின்ட் எங்கே போடலாம்?” என்றாள்.