வண்டிக்குள் வெப்பம்

வடநாட்டில் குடியேறி வாழும் நமக்குக் குளிர் பழகிய ஒன்றே. ஆயினும் வீட்டுச் சுவர்களுக்குள் காணும் குளிர் வேறு. மலைமேல் ஒரு வண்டிக்குள் உறங்கும்போது காணும் குளிர் வேறு. உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேரவன் வண்டியில் இமயச் சாரலுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி, நாங்கள் கண்டறிந்த சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

2023 நவம்பர்த் தொடக்கத்தில், 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, லாஹௌல் பள்ளத்தாக்கில் சிஸ்ஸு அருகே தங்கினோம். அவ்விடம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். நள்ளிரவில் டீசல் ஹீட்டர் நின்றுவிட்டது. குழந்தைகள் நடுங்குவதைக் கண்ட ஓட்டுநர், கரி அங்கீட்டியை உள்ளே வைக்கலாம் என்றார். அவருடைய அன்பை மதித்தோம், யோசனைக்கு இசையவில்லை. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியோர் விழிக்காமற்போன செய்தியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாம் நாளிதழ்களில் படிக்கின்றோம் அன்றோ?

"அடுப்பு அணைந்தால் என்ன பார்ப்போம்? விறகு இருக்கிறதா, காற்றுப் போகிறதா, நெருப்புப் பற்றுகிறதா என்றுதானே?" என்றார் எங்கள் தாயார். அம்முறையே பார்த்தோம். தொட்டியில் டீசல் போதிய அளவு இருந்தது. வண்டியின் அடியிலுள்ள காற்றுக்குழாயிலும் புகைக்குழாயிலும் பனி அடைக்கவில்லை. எஞ்சியது மின்சாரம். விசிறி மிக மெதுவாகச் சுழன்றது. விளக்குகளும் தண்ணீர்ப் பம்பும் பேட்டரியை வற்றச் செய்திருந்தன. டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக், தொடக்கத்தில் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டுவது. ஆதலின் சன்னலைச் சிறிது திறந்துவைத்து, அனைவரும் விழித்திருக்க, அரைமணி நேரம் எஞ்சினை ஓட்டினோம். ஹீட்டர் மீண்டும் எரிந்தது.

வேறு காரணங்களும் உண்டு. கடுங்குளிரில் சாதாரண டீசல் உறைந்து தடிக்கும்; இதற்கென -33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகம் செய்தது. சமையல் எரிவாயுவிலுள்ள பியூட்டேன், 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது. அப்போது சிலிண்டரை நெருப்பில் காட்டுதல் ஒருபோதும் ஆகாது. உயரமான இடத்தில் காற்று மெலிவதால் டீசல் முற்றும் எரியாமல் ஹீட்டரினுள் கரி படியும். கறும்புகை அதன் அறிகுறி.

வண்டியை வாடகைக்கு எடுக்கும் நாளிலேயே ஹீட்டரை ஒருமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடை அறிவிக்கும் கருவி உள்ளதா என்று கேளுங்கள். இரவில் காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். குளிரைக் கம்பளி தாங்கும். நச்சுக்காற்றைத் தாங்கும் போர்வை இல்லை.